காசு கொடுத்துப் படுக்கும் கூடாரம்

கொழும்பு
02.02.2025

அன்புத் தம்பி மதுரனுக்கு,

அக்கா எழுதுவது. எனக்குச் சளி, மற்றபடி சுகம். அப்பாவின் முழங்கால், அம்மாவின் தோள்வலி, நாகலெட்சுமி அத்தையின் வாய் எல்லாம் எப்படி இருக்கின்றன?

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ குளிக்கப்போய் உன் போனைப் பீலித் தண்ணீரில் போட்டதிலிருந்து வீட்டில் இருப்பது அப்பாவின் பொத்தான் போன் ஒன்றுதான். அதில் பேசினால் அப்பா கேட்பார். அப்பா கேட்காவிட்டால் லயத்தில் வரிசையாக இருக்கிற அத்தனை வீடும் கேட்கும். நம் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாமல் பாதியில் நிற்கிறது. மிச்சக் கல்லை வெள்ளைக்காரன் எங்கே கொண்டு போனானோ தெரியாது. தோட்ட முகவரிக்கு எழுதினால் கடிதம் ஒபிசில் கிடந்து ஊறும். அதனால்தான் நீ வேலை செய்யும் முனாப் நானாவின் இரும்புக்கடைக்கு எழுதுகிறேன்.

விஷயம் இரண்டு. போன வருடம் ஹோட்டல் அறைகளை அதிகமாகப் பதிவு செய்து கொடுத்தேன் என்று கம்பெனி எனக்கு ஒரு பரிசு தந்திருக்கிறது. ஏரிக்கரைக் கூடாரத்தில் குடும்பத்தோடு ஓர் இரவு, ஐந்து பேருக்கு, ஏப்ரல் 19ஆம் திகதி. எந்த ஏரி தெரியுமா? நம்முடைய காசல்ரீதான். அம்மா கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து தெரிகிற அதே தண்ணீர், எதிர்க்கரை.

இரண்டாவது விஷயத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஜப்பான் மொழிப் பரீட்சையில் பாஸாகிவிட்டேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஜூன் கடைசியில் கிளம்ப வேண்டும். ஆனால், அத்தை குவைத்திலிருந்து வந்த நாளிலிருந்து அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார்: "என் வீட்டுப் பொம்பளப் புள்ள இனிமே கடல் தாண்டாது." அவர் சரி என்று சொல்லாமல் நான் போக மாட்டேன். போனில் சொன்னால் வைத்துவிடுவார். வீட்டில் சொன்னால் லயமே பஞ்சாயத்துக்கு வந்துவிடும். ஏரிக்கரையில் நாம் மட்டும் இருக்கும்போது சொல்லப்போகிறேன். எப்படியாவது அவரை வரவைப்பது உன் பொறுப்பு.

நான் போவதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? மறைக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். புது போன் வாங்கினால் அதையும் பீலியில் போடாதே.

அக்கா பிரேமினி


நோர்வூட்
11.02.2025

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முழங்கால் அப்படியே, தோள் அப்படியே. அத்தையின் வாய் பூரண சுகம். உன் சளிக்கு இஞ்சித் தேத்தண்ணி குடி.

கூடார விஷயத்தைச் சோற்று நேரத்தில் எடுத்தேன்.

"கூடாரத்துலயா? ஏன், மண்சரிவு வரப் போகுதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, சும்மா சந்தோசத்துக்கு. கொழும்புல இருந்தெல்லாம் வந்து படுக்கிறாங்க."

"மழ வருசத்துல மேல் லயம் சரிஞ்சப்ப இஸ்கூல் கிரவுண்ட்ல கூடாரம் போட்டுக் குடுத்தாங்க. நாளைக்கு வீடு, நாளைக்கு வீடுன்னு சொல்லிச் சொல்லியே வருசத்த ஓட்டுனானுக. உங்கம்மாவுக்குத் தோள்வலி அந்த ஈரத்துலதான் வந்துச்சு. காசு குடுத்து எவன்டா அங்க போயிப் படுப்பான்?"

"காசு இல்லப்பா, சும்மா."

"சும்மாவா? அப்ப கண்டிப்பா மண்சரிவு வரும்."

அம்மா சிரித்துப் புரையேறி எழுந்து போய்விட்டாள்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நமக்குக் கூடாரம் என்றால் நிவாரணம். அவர்களுக்கு அதுவே உல்லாசம். ஒரே துணிதான். அந்த ஏரியை இத்தனை காலமாகப் பார்க்கிறோம், கால் நனைத்ததில்லை. இந்தக் கரையில் 'இறங்காதே' என்று பலகை நிற்கிறது, அந்தக் கரையில் கேட் நிற்கிறது. தண்ணீர் பாவம், நடுவில் கிடக்கிறது.

வேறு வழி யோசிக்கிறேன். நானா கூப்பிடுகிறார், ஆணி நிறுக்க வேண்டும்.

மதுரன்


கொழும்பு
23.02.2025

தம்பிக்கு,

சளி போய் இருமல் வந்திருக்கிறது. உன் இஞ்சிக்கு நன்றி.

அப்பா சொன்னதை அறைத் தோழிகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். எனக்குத்தான் பிறகு சிரிப்பு வரவில்லை.

அத்தையைப் பிடி. அண்ணனை எதிர்த்துப் பேசத் தைரியமுள்ள ஒரே ஆள் அவர்தான். ஜப்பான் என்ற சொல் மட்டும் உன் வாயிலிருந்து வரக்கூடாது.

மண்சரிவு பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி இல்லை.

அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பிரேமினி


நோர்வூட்
09.03.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள், ஆனால் அப்பாவின் முழங்காலுக்கு.

அத்தையிடம் கூடாரம் என்று வாயெடுத்தேன். கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார்.

"கூடாரத்தப் பத்தி எனக்கா சொல்ற? குளிரு காலம் வந்தா எங்க மொதலாளி வீட்டாளுக பாலைவனத்துல போயிக் கூடாரம் போடுவாங்க. நாலு கூடாரம். ஒன்னுல ஆம்பளைக, ஒன்னுல பொம்பளைக, ஒன்னுல புள்ளைக."

"நாலாவதுல நீங்களா அத்த?"

"நாலாவதுல ஆட்டிறைச்சி. நான் வெளிய, அடுப்புக்கிட்ட."

பிறகு கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினார். "ஒரு தரம் உள்ளுக்குப் படுத்துப் பாக்கணும்டா" என்றார். ஆகவே அத்தை வருவது உறுதி. அம்மா, "அவரு வந்தா நானும் வர்றேன்" என்கிறாள். அப்பாதான் மலை மாதிரி நிற்கிறார்.

இன்னொரு தொல்லை. உன் கடிதங்களால் கடையில் என் பெயர் கெட்டுவிட்டது. நானா உறையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார். "கொழும்புல இருந்து மாசத்துக்கு ரெண்டு வருது. அக்கான்னு சொல்ற. எனக்கும் அஞ்சு தங்கச்சி இருக்கு தம்பி, ஒருத்தியும் ஒரு வரி எழுதினதில்ல" என்கிறார். சீமெந்து வாங்க வருகிறவர்களிடமும் சொல்கிறார்.

உறையில் பவுடர் வாசனை வராமல் பார்த்துக்கொள்.

மதுரன்


கொழும்பு
20.03.2025

தம்பிக்கு,

சுகம். பவுடர் அல்ல, அது இருமலுக்குப் பூசிய தைலம்.

இருப்பது ஒரு மாதம். அப்பா வருவாரா, மாட்டாரா? நீ என்ன நினைக்கிறாய் என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

பிரேமினி


நோர்வூட்
30.03.2025

அக்காவுக்கு,

அனைவரும் நலம். அப்பா அளவுக்கு மீறி நலம். வருகிறேன் என்று சொல்லிவிட்டார்!

அவராகவே கேட்டார்: "அந்த ஏரிக்கரைக்கு வெள்ள வேட்டி கட்டலாமா?" நான் தலையாட்டினேன். மறுநாள் மீசையைக் கத்தரித்தார். அதற்கடுத்த நாள் ஹட்டனுக்குப் போய்ப் பொட்டலத்தோடு வந்தார். பொட்டலத்தில் ஒரு சேலை, மயில்கழுத்து நிறம். அம்மாவுக்கு என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

அத்தைதான் கண்டுபிடித்துச் சொன்னார். நானா சீமெந்துக்காரரிடம் சொல்ல, சீமெந்துக்காரர் கோயில் கமிட்டியில் சொல்ல, எனக்குக் கொழும்பில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அந்தப் பெண்ணையும் அவள் வீட்டாரையும் அக்கா ஏரிக்கரைக்கு அழைத்து வருகிறாள், அதற்காகத்தான் இந்தக் கூடார நாடகம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். தேங்காய், வெற்றிலை, பாக்கு, சேலையோடு வரப்போகிறார்.

பெண்ணே கிடையாது என்று சொல்லலாம். சொன்னால் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார். என்ன செய்ய? நானா கடை லொறியைத் தருகிறார். "நல்ல காரியம், மறுக்கக் கூடாது" என்கிறார்.

பெண் இல்லாத மாப்பிள்ளை,
மதுரன்


கொழும்பு
07.04.2025

மாப்பிள்ளைக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தை வாசித்து வயிற்றுவலி வந்திருக்கிறது.

எதையும் சொல்லாதே. வந்து சேரட்டும். நானே எல்லாவற்றையும் சொல்லி, திட்டுகளையும் நானே வாங்கிக்கொள்கிறேன். தாம்பாளத்தைப் பார்த்துப் பேச்சு வராமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

புத்தாண்டுக்கு அம்மா கையால் கொக்கிஸ் பலகாரம் சாப்பிடு, என் பங்கையும்.

பிரேமினி


கொழும்பு
16.04.2025

தம்பி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. தபால் போய்ச் சேராது என்று ஹட்டன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கடைக்குப் போன் எடுத்தால் நானா பக்கத்தில் நிற்பார்.

லீவை ரத்துச் செய்துவிட்டார்கள். சீசன் நேரமாம், போனுக்கு ஆள் போதாதாம். பரிசு தந்ததும் இவர்கள்தான், போகவிடாமல் பிடித்திருப்பதும் இவர்கள்தான். ஊர் முழுவதும் ஏரிக்கரையில் போய்ப் படுக்க, நான் இங்கே காதில் கம்பியை மாட்டிக்கொண்டு அவர்களுக்குக் கூடாரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். திகதியை மாற்ற முடியாது. நீங்கள் போங்கள்.

நீதான் சொல்ல வேண்டும் மதுரன். இப்போது சொல்லாவிட்டால் அப்பாவை இன்னொரு முறை லயத்துக்கு வெளியே தனியாகப் பிடிக்க முடியாது. எனக்குப் பதிலாகப் பேசு. திட்டினால் கேட்டுக்கொள்.

அக்கா


நோர்வூட்
23.04.2025

அக்காவுக்கு,

போனவர்கள் நால்வரும் உயிரோடு திரும்பினோம். உன் நலத்தையும் எழுது. வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றதற்கு, பெண் வீட்டார் வந்தால் போதும் என்றார் அப்பா.

லொறியில் நான், பக்கத்தில் அம்மா. பின்னால் வெறும் சீமெந்துச் சாக்குகளின் மேல் அப்பாவும் அத்தையும். அப்பாவின் மடியில் தாம்பாளம். ஏரியைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மீசையும் வேட்டியும் ஒரே நிறம், சாம்பல். கேட்டில் நின்றவன் லொறியைப் பார்த்துவிட்டு, சாமான் இறக்குகிறவர்கள் பின்பக்கம் போகவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னான். நீ அனுப்பிய கம்பெனிப் பரிசுக் கடிதத்தைக் காட்டினேன். கடிதத்தை வாசித்தான், எங்களைப் பார்த்தான், திரும்பவும் கடிதத்தை வாசித்தான். நான் இறங்கப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டா. உள்ள போயி அவன விட நல்லாப் படுப்போம்."

வரவேற்க ஒரு சிங்களப் பிள்ளை தட்டில் சர்பத்து கொண்டுவந்தாள். அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். எந்த ஊர், அப்பா என்ன வேலை, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார். அவளும் மரியாதையாகச் சொன்னாள். அவள் போனதும் என் காதில், "சிங்களப் புள்ளன்னு நீ முன்னமே சொல்லியிருக்கலாம். பரவால்ல, அடக்கமாத்தான் இருக்கு" என்றார். தாம்பாளத்தை எடுக்கப் போனவரை நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

எங்களுக்கு இரண்டு கூடாரங்கள். அப்பாவும் நானும் படுக்க இருந்ததை அத்தை சுற்றிவந்து, "கயிறு கட்டத் தெரியாத பயலுக. காத்தடிச்சா நிக்காது" என்று எல்லாக் கயிறையும் அவிழ்த்துக் குவைத் முறைப்படி கட்டினார்.

சாயங்காலம் அப்பா தண்ணீரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம லயம் எதுடா?"

"அந்தா, சவுக்கு மரத்துக்குக் கீழ தகரம் மினுங்குதே."

"உங்கம்மா கதவத் தெறந்து போட்டுட்டு வந்துட்டாளா?"

"இங்க இருந்து கதவு தெரியாதுப்பா."

அவர் கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே நீட்டினார். பன்னிரண்டு காம்பராவும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. விரலை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். "இதுக்குள்ளயா இருக்கோம்?" என்றார். கொஞ்சம் கழித்து, "பொண்ணு வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க?"

அக்கா, அந்த இடத்தில் சொன்னேன். பெண் இல்லை, கடிதம் எழுதியது நீ, ஜப்பான், முதியோர் இல்லம், அவர் சரி என்றால்தான் நீ போவாய். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"எனக்குத் தெரியாமயா படிச்சா?"

"ஆமாப்பா. வேல முடிஞ்சு ராத்திரி வகுப்புக்குப் போயிருக்கா."

பின்னால் நின்ற அத்தை, "போகட்டுமே அண்ணே" என்றார்.

"நீ பேசாத. நீ திரும்பி வந்தப்ப ஒன் மகனே ஒன்னப் பாத்துட்டு எம் பின்னால ஒளிஞ்சான். வேற ஆளால்ல வந்து நின்ன."

"ஒளிஞ்சான். அப்புறம் நான் கொண்டாந்த சொக்கலேட்டத் தின்னான். வேற ஆளா வந்தேன், வேற ஆளா வந்தேன்னு இத்தன வருசமாச் சொல்ற. இங்க இருந்தப்ப அந்தப் பழைய ஆளக் கூப்பிட்டு, நாகலெட்சுமி ஒனக்கு என்னா வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அப்பா வேட்டியை உதறினார். எழுந்து கூடாரத்துக்குள் போனார். குவைத் முடிச்சு மணலுக்குத்தான் சரிவரும் போலிருக்கிறது, நம் களிமண்ணில் முளை நிற்கவில்லை. கூடாரம் அப்படியே அவர்மேல் உட்கார்ந்தது. துணிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "நான் அப்பவே சொன்னேன், மண்சரிவு வரும்னு."

மறுநாள் வெள்ளென விழித்துப் பார்த்தால் அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. முகாமின் ஓரத்தில் வேலி போட்டு ஒரு துண்டுத் தேயிலை வைத்திருக்கிறார்கள். விருந்தினர் கூடை மாட்டிப் படம் பிடிப்பதற்கு. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரத்துக்கு அம்மாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி கொடுக்க யாரையும் காணோம். கை சும்மா இருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வேலிக்குள் ஒரு கொழுந்து மிச்சமில்லை. எல்லாம் முகாமின் வெள்ளைப் படுக்கை விரிப்பில் குவிந்து கிடந்தது. ஒரு கொழும்புக் குடும்பம், இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து, படம் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை அவர்களிடம், "படம் புடிச்சது போதும், அந்தப் பக்கத்துச் செடிய நீங்க எடுங்க" என்று கங்காணி மாதிரி விரட்டினார். அவர்களும் எடுத்தார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். "இன்னும் மூணு நாளைக்கு ஆள் வருது, அவங்க எதப் பிடுங்குவாங்க?" என்று தலையில் கை வைத்தார். அம்மா, "முத்திப் போயிக் கெடந்துச்சு சேர், பாக்கப் பொறுக்கல" என்றாள். அந்த ஆளுக்கு உடனே ஒரு யோசனை. சனிக்கிழமைகளில் அம்மா வந்து கூடையோடு நின்றால் சம்பளம் தருவாராம், சும்மா நின்றால் போதுமாம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "நாங்க விருந்தாளிக. தேத்தண்ணி இன்னும் வரல."

தேத்தண்ணி வந்தது.

திரும்பும் வழியில் அப்பா பழையபடி சாக்கின் மேல் ஏறிக்கொண்டார். தாம்பாளம் மடியிலேயே இருந்தது. அவர் மனதில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன விதம் பிழையோ என்னவோ.

மதுரன்


கொழும்பு
04.05.2025

தம்பிக்கு,

நான் சுகம். கடிதத்தை வேலை இடத்தில் வாசித்துச் சிரித்தேன். போனில் இருந்த ஆள், என்னைப் பார்த்தா சிரிக்கிறாய் என்று மேலிடத்தில் முறைப்பாடு செய்துவிட்டார்.

நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய். அத்தை கேட்டது எனக்குள்ளேயே இருக்கிறது. ஜூன் பத்தாம் திகதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஆனால் வாயால் சொல்லட்டும். சும்மா இருக்க வேண்டாம்.

மேனேஜர் பேசியதை எழுதினாய், கேட்காரன் பேசியதை எழுதினாய். நீ பேசுவது மட்டும் எந்தக் கடிதத்திலும் இல்லை. இது மூன்றாவது முறை. நான் போகட்டுமா?

அம்மா தோள் எப்படி?

பிரேமினி


நோர்வூட்
01.06.2025

அக்காவுக்கு,

மழை தொடங்கிவிட்டது. ஆளுக்கொரு இருமல். சுகமில்லை என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை.

அம்மா இப்போது மலையில் எல்லாருக்கும் எதிர்க்கரையைக் காட்டுகிறாள். "அந்தா வெள்ளையாத் தெரியுதே, அங்கதான் நான் படுத்தேன்." அவள் படுத்தது விழாத கூடாரம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். அத்தை, நான் உள்ளே படுத்தேன் என்பதை மட்டும் சொல்கிறார். அப்பா சாயங்காலம் வாசல் இஸ்தோப்பில் நின்று கட்டைவிரலை நீட்டி அந்தக் கூடாரங்களை மறைக்கிறார், எடுக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா" என்கிறார்.

முதலில் என் பதில். நான் எழுதாததற்குக் காரணம் கோபம். இங்கிருந்து தேயிலை போகிறது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு அத்தை போனார். இப்போது நீ. நல்லதாக எது விளைந்தாலும் கப்பலில் ஏற்றிவிடுகிற இடம் இது. உன் அப்பாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்காமல், யாருடைய அப்பாவுக்கோ நீ கொடுக்கப்போகிறாய். இதை எழுதினால் நீ நின்றுவிடுவாய். நின்று, காதில் கம்பியை மாட்டிக்கொண்டு, அடுத்தவனுக்கு ஏரிக்கரை பிடித்துக் கொடுப்பாய். அதனால்தான் கூடாரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். போயிட்டு வா. உன்னோடு சண்டை போடாமல் எனக்கு நாக்கு தடித்துப்போகும், அவ்வளவுதான்.

இனி அப்பா. நேற்று மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்தார். இதுவரை வந்ததேயில்லை. கக்கத்தில் அந்த மயில்கழுத்துச் சேலைப் பொட்டலம். நானாவுக்கு வாயெல்லாம் பல். "என்ன பெரியவரே, தம்பிட காரியம் முடிஞ்சிட்டா?"

"அவனுக்கு ஏது காரியம்? கடிதாசி போட்டதெல்லாம் எம் மக பிரேமினி. ஜப்பான் போறா."

கடையில் சீமெந்துக்காரரும் நின்றார். இனி நான் எழுதித் தெரிவிக்க ஒன்றுமில்லை, தோட்டத்துக்கே தெரியும்.

நானா என்னைப் பார்த்து, "அப்ப மெய்யாலுமே அக்காதானா?" என்றார், ஏமாந்துபோன குரலில்.

பொட்டலத்தை இத்தோடு அனுப்புகிறேன். சேலைக்குள் அத்தையின் கம்பளிச் சால்வையும் இருக்கிறது. குவைத்தில் இரவில் போர்த்தியது, அங்கே குளிருமாம். வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். படியிறங்கியவர் நின்றார்.

"அங்க ஏரி இருக்குமில்ல?"

"இருக்கும்பா."

"ஒரு நாளு லீவு கேட்டு வாங்கிக்கிட்டு, போயிச் சும்மா உக்காந்துட்டு வரச் சொல்லு. உங்கம்மா மாதிரி அங்கயும் போயிக் கொழுந்து எடுக்க வேணாம்."

தம்பி மதுரன்